வாறுகால் மேல் கட்டிய வாசல்

வடகரையில் வீடு கட்டிய நாம் எல்லோரும் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். ஜூனில் மேற்கு மலையில் மேகம் இறங்கினால் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. வருசத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் வரும் என்று தெரிந்த ஊர்க்காரர்களே அது போக வழிவிடாமல் வாசலைக் கட்டினோம்.

நிலைக்குத் தேக்கு தேடி அலைந்தோம். கார் நிற்கிற இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. மிஞ்சிய செங்கல் துண்டு, உடைந்த டைல்ஸ், வானம் தோண்டிய மண் எல்லாவற்றையும் அங்கேயே தள்ளி, கிரஷர் தூசியைப் பரப்பி, அவசர அவசரமாகப் பேவர் பிளாக் பதிக்கச் சொன்னோம். கல் 60 மில்லிமீட்டரா 80-ஆ என்று விசாரித்த அக்கறையை அடிமண்ணிடம் காட்டவில்லை. வேரும் சருகும் கலந்த மேல்மண்ணை முதலில் வழித்தெடுக்க வேண்டும். சரள் மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்துத் திமிசு போட வேண்டும். பிறகு ஜல்லி, அதையும் இறுக்கியபின்தான் மணல். இதில் ஒன்றைக்கூட நாம் செய்யச் சொல்லவில்லை. முதல் மழைக்காலம் முடியும்போது கார் சக்கரம் போன தடம் பள்ளமாகி, தேங்கிய தண்ணீர் கடைக்கால் பக்கம் இறங்கியது.

வாட்டம் பார்ப்பதிலும் அப்படித்தான். பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வீட்டை விட்டு வெளியே சரிய வேண்டும். டியூப் லெவல் பிடித்துப் பார்க்கப் பொறுமை இல்லாமல் கண்மட்டத்தில் முடித்தோம். வாட்டம் சரியாக வந்த வீட்டிலும் தண்ணீர் தெருவுக்குத்தான் போனது. மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாகிவிட்டது. அதற்குத் தோண்டிய குழியை, தரை போடும்போது நாமே மூடினோம். தெருவை விட இரண்டடி உயரத்தில் ஒருவர் கட்டினால் அடுத்தவர் மூன்றடி உயர்த்தினார். நடுவில் அகப்பட்ட பழைய ஓட்டு வீட்டுக்குள் நம் வாசல் தண்ணீர் புகுந்தது. அந்த வீட்டுக்காரி சட்டியால் இறைத்ததை மாடியில் நின்று பார்த்திருக்கிறோம்.

2024 டிசம்பர் மழையில் குற்றாலம் மெயின் அருவி வெள்ளமாய்க் கொட்டியதைக் கைபேசியில் பார்த்துப் பதறினோம். அந்த மழைக்கு நம் தெருத் தண்ணீர் எங்கே போய் நின்றது என்று இறங்கிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு வாறுகால் மேல் செய்ததுதான். கார் ஏற வேண்டும் என்று வாசலுக்கு வாசல் அதன்மேல் சிமெண்டுச் சரிவு போட்டோம். மேலிருந்து கையை விட்டு அள்ளக்கூட இடம் வைக்கவில்லை. தூய்மைப் பணியாளர் ஒருவர் அந்தச் சரிவின் ஓரத்தில் பக்கவாட்டில் படுத்து, தோள்வரை கையை நுழைத்து, வளைத்த கம்பியால் சகதியை இழுக்கிறார். கம்பியில் பால் பாக்கெட்டும் நம் வீட்டு வேலையில் கழுவிவிட்ட, இப்போது கல்லாகிவிட்ட சிமெண்டுக் கட்டியும் வருகின்றன. அவரிடம் போய், ஏன் இன்னும் அடைப்பு எடுபடவில்லை என்று அதட்டியவர்களும் நாம்தான்.

அந்தச் சரிவை உடைத்துவிட்டு, இரண்டு பேர் தூக்கி எடுக்கிற அளவில் தனித்தனிச் சிலாப் போட்டால் போதும், கார் அதன்மேலும் ஏறும். கேட் தூணில் ஒட்டிய கிரானைட்டுக்குக் கொடுத்த பணம்கூட இதற்கு ஆகாது. அடுத்த சாரலுக்கு முன்னால் நம் நம் வாசலில் இதை நாமே செய்ய வேண்டும். பேரூராட்சி நோட்டீஸ் ஒட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.