‘நமக்கேன் வம்பு?’ என்று நகராதீர்கள்!

“ஐயையோ, ஆக்ஸிடென்ட் கேஸு! கிட்டப் போகாதீங்க. அப்புறம் போலீஸ், கோர்ட்டுன்னு நாமதான் அலையணும்!”

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித் தரும் பாடங்களில் இதுவும் ஒன்று. பிள்ளை முதன்முதலாக பைக் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ‘ஹெல்மெட் போட்டுக்கோ’ என்று சொல்கிறோமோ இல்லையோ, ‘வழியில எந்த வம்புலயும் மாட்டிக்காதே’ என்று மறக்காமல் சொல்லி அனுப்புகிறோம். ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் மனிதரும் அந்த ‘வம்பு’க்குள் அடக்கம் என்பதுதான் வேதனை.

நாம் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் பதறிப் போகிறவர்கள்தான். ஆனாலும், உதவ நினைக்கும்போதே கால் பின்னுக்கு இழுக்கிறது. ‘நீதான் இடிச்சியா?’ என்று கேட்டுவிட்டால்? ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டால்? ஆஸ்பத்திரியில் ‘பணம் கட்டு’ என்று நம் கழுத்தைப் பிடித்தால்?

இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இன்றைக்கு இல்லை. சட்டம் மாறிவிட்டது. நாம்தான் இன்னும் மாறவில்லை!

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள்... நாளொன்றுக்கு சுமார் 49 உயிர்கள்! எல்லாருமே மோதிய நொடியில் இறந்தவர்கள் இல்லை. ரத்தம் போய்க்கொண்டே இருந்து, மூச்சு அடைத்து, உதவி வருவதற்குள் போன உயிர்களும் உண்டு. விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரத்தை ‘கோல்டன் ஹவர்’ என்கிறார்கள் டாக்டர்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் இருப்பது அப்போதுதான். அந்தப் பொன்னான நேரத்தைத்தான் நாம் வேடிக்கை பார்த்தே தொலைக்கிறோம்.

சட்டம் மாறியது சும்மா நடந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

ஸ்கூட்டரில் போன ஒருவரை வேகமாக வந்த கார் இடித்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். ‘இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க முடியாது’ என்று, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்து பரமானந்த் கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ‘அரசு ஆஸ்பத்திரியோ, தனியாரோ, எந்த டாக்டராக இருந்தாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது’ என்று 1989-ல் தீர்ப்பு வந்தது. 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இந்தக் கடமையைச் சேர்த்தார்கள்.

சரி, டாக்டருக்குக் கடமை வந்தாச்சு. தூக்கிக்கொண்டு வந்தவருக்குப் பாதுகாப்பு? அதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 2007-ல் டெல்லியில், விபத்தில் சிக்கிய 17 வயதுப் பையன் ரோட்டோரத்தில் உதவி கிடைக்காமல் இறந்துபோனான். அவனுடைய உறவுக்காரர் பியூஷ் திவாரி, அழுது முடித்ததோடு நிற்கவில்லை. ‘சேவ்லைஃப் பவுண்டேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கி, சுப்ரீம் கோர்ட் வரை போனார். உதவுகிறவர்களைப் பாதுகாக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை, 2016 மார்ச் 30-ம் தேதி நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது சுப்ரீம் கோர்ட். பிறகு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதற்கான விதிகள் 2020-ல் வந்தன.

இதன்படி உங்களுக்கு என்னென்ன உரிமை?

• உங்கள் பெயர், விலாசம், போன் நம்பரைச் சொல்லும்படி போலீஸோ, வேறு யாருமோ உங்களை வற்புறுத்த முடியாது. நீங்களாக விரும்பினால் சொல்லலாம்.

• நீங்கள் சொந்தக்காரராக இல்லாத பட்சத்தில், அட்மிஷனுக்குப் பணம் கட்டச் சொல்லி ஆஸ்பத்திரி உங்களைப் பிடித்து வைக்க முடியாது.

• நல்லெண்ணத்தோடு தூக்கும்போதோ, முதலுதவி செய்யும்போதோ கைப்பிசகாக ஏதாவது ஆகிவிட்டால், அதற்காக உங்கள் மேல் சிவில் வழக்கோ, கிரிமினல் வழக்கோ போட முடியாது.

• சாட்சி சொல்ல நீங்களே முன்வந்தால், உங்களுக்கு வசதியான நேரத்தில், உங்கள் வீட்டிலோ, வேலை செய்யும் இடத்திலோதான் விசாரணை. அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல்தான் வர வேண்டும். ஒரே தடவையில் முடித்துக்கொள்ள வேண்டும். சும்மா சும்மா இழுத்தடிக்கக் கூடாது.

“இதெல்லாம் பேப்பர்ல நல்லாத்தான் இருக்கும் சார். நிஜத்துல நடக்குமா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். எல்லா ஸ்டேஷனிலும், எல்லா ஆஸ்பத்திரியிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால், தெரியாத உரிமையை யாரும் கேட்டு வாங்க முடியாதே! ‘134-ஏ பிரிவு இருக்கு, என் பேரைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது’ என்று அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் தோரணை மாறும். ஒன்றும் தெரியாமல் கைகட்டி நிற்பவரிடம்தான் அதிகாரம் மீசையை முறுக்கும்.

இன்னொரு விஷயம். இந்த உரிமைகளையெல்லாம் எழுதி, ஆஸ்பத்திரி வாசலிலேயே போர்டு வைக்க வேண்டும் என்கிறது விதி. இங்கிலீஷ், இந்தியோடு உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். அதாவது, நம் ஊரில் தமிழில்! அடுத்த தடவை செக்கப்புக்குப் போகும்போது, உங்கள் ஏரியா ஆஸ்பத்திரியில் அந்த போர்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘ஏன் இல்லை?’ என்று கேளுங்கள். ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதி வைக்க இடம் இருக்கிறது. இதற்கு மட்டும் சுவரில் இடம் இல்லாமலா போய்விடும்?

செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 108-க்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவச சிகிச்சை தருவதற்காகவே வந்த திட்டம் இது.

நீங்கள் டாக்டர் வேலை பார்க்க வேண்டியதில்லை. 108-க்குச் சொல்லிவிட்டு, ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். குத்தியிருக்கும் கம்பி, கண்ணாடியைப் பிடுங்காதீர்கள். கழுத்தை அசைக்காதீர்கள். பாவம் என்று வாயில் தண்ணீரோ, சோடாவோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

அடிபட்டவருக்கு உதவினால் பரிசு என்றும் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 2021-ல் 5,000 ரூபாயாக இருந்ததை 2025-ல் 25,000 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால், நம் ஜனங்கள் தயங்குவது காசு கிடைக்காது என்பதால் இல்லை. கௌரவம் போய்விடுமே என்ற பயத்தால். உதவி செய்துவிட்டு வருகிறவரை ஒரு கான்ஸ்டபிள் ‘நன்றிங்க, நீங்க கிளம்பலாம்’ என்று சொல்லி அனுப்பினால் போதும். அந்தத் தெருவில் அடுத்த தடவை நாலு பேர் ஓடி வருவார்கள். ஸ்டேஷனிலும், ஆஸ்பத்திரி ரிசப்ஷனிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதலில் இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுங்கள் என்பதுதான் அரசுக்கு நம் வேண்டுகோள்.

நம் பங்குக்கு ஒரு வேலை. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து, வண்டிச் சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். காலேஜ் போகும் பெண்ணும், டியூஷன் போகும் பையனும் தினமும் கண்ணில் பட்டுப் படிக்கட்டும். நம் பிள்ளைகளும் அதே ரோட்டில்தான் போகிறார்கள். என்றைக்காவது ஒருநாள், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பயப்படாமல் குனிந்து அவர்களைத் தூக்க வேண்டியிருக்கலாம் இல்லையா?