உத்தரவாதமும் திருப்புளியும்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து சிற்றுண்டியும் ஆன பின்னர், வாயிற்புறத்தில் நின்றிருந்த ஒரு காரைச் சுற்றிச் சிறு கூட்டம் ஒன்று கூடிவிட்டது. காருக்கு உரியவர் நம் உறுப்பினருள் ஒருவர், இளைஞர், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் கணிப்பொறித் துறையில் பணி புரிபவர். ஏறத்தாழ ஈராண்டிற்கு முன் வங்கிக் கடன் பெற்று வாங்கிய ஜெர்மானிய வண்டி அது. கூட்டம் கூடியதற்குக் காரணம் வண்டியின் அழகன்று. உரிமையாளரின் முகத்தில் தெரிந்த வாட்டமேயாகும்.

நடந்தது இதுதான். வண்டியின் ஏ.சி. காற்று வடிகட்டியை மாற்றப் பணிமனையில் கேட்ட கூலி அவருக்கு மிகுதியாகப் பட்டது. ஆகவே, அதே நிறுவனத்தின் உதிரிப்பாகக் கடையில் அசல் வடிகட்டியை விலை கொடுத்து வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமே மாற்றிவிட்டார். அரை மணி நேர வேலை. மூன்று திங்கள் சென்றபின், முகப்பில் உள்ள காட்சித் திரை இருண்டு போயிற்று. பணிமனைக்குச் சென்றார். அங்கிருந்தவர் வண்டியைப் பார்த்துவிட்டு, "முகப்பை வெளியில் திறந்திருக்கிறீர்கள், உத்தரவாதம் போயிற்று. புதுத் திரைக்கு 1,80,000 ரூபாய் ஆகும்" என்று வாய்மொழியாகக் கூறிவிட்டார். கடன் தவணையும் ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணமும் போக, அவ்வளவு பெருந்தொகைக்கு எங்கே போவது என்று நண்பர் இரண்டு இரவு உறங்கவில்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவரும் இருந்தார். யாதவகிரியில் 1961-இல் உற்பத்தி தொடங்கி 1996-இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பல்லாண்டு பணியாற்றியவர் அவர்.

"ஐயா, என் வண்டியில் என் கையால் ஒரு வடிகட்டியை மாற்றியது குற்றமா?" என்று இளைஞர் கேட்டார்.

"குற்றமில்லை, தம்பி. அதை வாங்கிய ரசீதை வைத்திருக்கிறீர்களா?" என்று பெரியவர் திருப்பிக் கேட்டார்.

இளைஞரிடம் ரசீது இருந்தது. அந்த ரசீது என்ன செய்தது என்பதைப் பின்னர்க் கூறுவோம். உத்தரவாதக் காலத்தில் வண்டியைத் தாமே பேணுவதா, விற்பனையாளரின் பணிமனையிலேயே விடுவதா என்னும் வினா இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில் எழுந்துள்ளமையால், அதனைச் சற்று விரிவாக ஆராய விழைகின்றோம்.

தமிழர் மரபில் இவ்விரு வழிகளுக்கும் சான்றோர் உண்டு. கோவையின் ஜி.டி. நாயுடு உணவு விடுதியில் பரிமாறிப் பணம் சேர்த்து, ஆங்கிலேய அலுவலர் ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதனைப் பிரித்தும் பூட்டியுமே இயந்திர நுட்பத்தைக் கற்றார் என்பது யாவரும் அறிந்த செய்தி. 1920-இல் பேருந்துத் தொழிலில் இறங்கிய அவருக்குத் தம் கையே பள்ளிக்கூடம். மதுரையில் 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனமோ மற்றொரு வழியைக் காட்டிற்று. குறித்த காலத்தில், குறித்த முறையில், பயிற்சி பெற்றோர் கையால் வண்டி பேணப்பட வேண்டும் என்பது அவ்வழி. இவ்விரண்டில் எதனையும் குறைத்துக் கூற நாம் ஒருப்படோம்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. ஜாவா வண்டிக்குக் கார்புரேட்டரைத் துடைப்பதும், பிளக்கைத் தேய்ப்பதும், பெட்ரோலில் எண்ணெய் கலப்பதும் உரிமையாளரே செய்தவை. இன்றைய உயர்விலைக் காரிலோ பல சிறு கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. சில வண்டிகளில் எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்க்கும் கம்பி கூட இல்லை. திரையில்தான் பார்த்தல் வேண்டும். சிலவற்றில் புதுப் பேட்டரியைப் பொருத்தினால் மட்டும் போதாது. அச்செய்தியை வண்டியின் கணிப்பொறிக்குத் தெரிவித்தாலன்றி அது பழைய பேட்டரி என்றெண்ணியே மின்னேற்றும். பராமரிப்புப் பதிவும் பல நிறுவனங்களில் புத்தகத்தில் இல்லை. நிறுவனத்தின் கணிப்பொறியில் உள்ளது. ஆகவே வீட்டில் செய்த வேலை எவ்வளவு செம்மையாயினும் அப்பதிவில் தானாக ஏறாது.

இனி, உத்தரவாதம் என்பது யாது? வண்டியைச் செய்தபோது நேர்ந்த குறையைத் தம் செலவில் நீக்கித் தருவதாக நிறுவனம் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி அது. தேய்ந்து போகும் இயல்புடைய பிரேக் கட்டைகளும் துடைப்பான் ரப்பரும் பெரும்பாலும் அதில் அடங்கா. அவ்வாக்குறுதிக்கு ஈடாக நாமும் சில கடமைகளை ஏற்கின்றோம். குறித்த காலத்திலோ குறித்த கிலோமீட்டரிலோ, எது முந்துகிறதோ அப்போது, பராமரிப்பு நடைபெற வேண்டும். குறித்த தரத்து எண்ணெயே ஊற்றப்பட வேண்டும். ஒரே எண் பொறித்த இரு எண்ணெய்களும் ஒரே தரத்தன அல்ல. கையேட்டில் நிறுவனம் குறித்துள்ள தரச்சான்று டப்பாவின் மேல் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இங்குத்தான் பெரும்பாலோர் மயங்குகின்றனர். வெளியில் யாதொன்று செய்தாலும் உத்தரவாதம் முழுவதும் அழிந்துபோம் என்பது ஒரு சாராரின் அச்சம். என்ன செய்தாலும் நிறுவனம் கேட்க முடியாது என்பது மறுசாராரின் துணிவு. இரண்டும் பிழை. பார்க்கவேண்டியது, செய்த வேலைக்கும் நேர்ந்த பழுதுக்கும் தொடர்பு உண்டா என்பதே.

அமெரிக்க நாட்டில் 1975-ஆம் ஆண்டிலேயே, உத்தரவாதத்தைக் காட்டி இன்ன பெயர்ப் பொருளையே வாங்கவேண்டும் என்று நுகர்வோரைக் கட்டுப்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் செய்தனர். நம் நாட்டில், ஒரு நுகர்வோர் 2011-இல் அளித்த முறையீட்டின் மேல் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணை நடத்தி, 2014 ஆகஸ்டு 25-ஆம் நாள் 14 கார் நிறுவனங்களின் மீது 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களும் பழுது பார்க்கும் விவரங்களும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காதபடி செய்தனர் என்பதே குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்த ஒரே காரணத்திற்காக உத்தரவாதம் முழுவதையும் நீக்கும் பொது நிபந்தனை கூடாதென்றும், வெளியில் செய்த பிழையான வேலையால் விளைந்த கேட்டின் அளவிற்கே மறுக்கலாம் என்றும் அவ்வாணை கூறிற்று. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. ஆகவே அதனை வெற்றிச்சீட்டாக எண்ணிச் சண்டைக்குப் புறப்படுதல் வேண்டா. ஆயினும் நியாயம் எப்பக்கம் உள்ளது என்பதை அறிய அது துணை செய்யும்.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். நாம் அறிந்த மற்றொரு அன்பர், அழகுக்காகக் கூடுதல் விளக்குகளை வெளிக்கடையில் பொருத்தினார். அங்கிருந்த கைவினைஞர் வண்டியின் மின்கம்பியை வெட்டி அதிலிருந்தே மின்சாரம் எடுத்தார். சில திங்களில் மின் இணைப்பு கருகி, முன்விளக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாயிற்று. நிறுவனம் உத்தரவாதத்தை மறுத்தது. மறுத்தது முறையே என்று நாமும் கூறினோம். ஏனெனில் தொடர்பு கண்ணுக்கே தெரிந்தது.

ஆகவே, உத்தரவாதக் காலத்தில் நம் கைக்கு எவை, பணிமனைக்கு எவை என்று பிரித்துக் கொள்வோம்.

டயரின் காற்றழுத்தத்தை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் பார்ப்பது நம் வேலை. துடைப்பான் ரப்பரை மாற்றுவதும், கண்ணாடி கழுவும் நீரை நிரப்புவதும், எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்டின் அளவை நோக்குவதும் நம்மால் இயலும். சூடான எஞ்சினில் கூலண்ட் மூடியைத் திறப்பது உயிருக்கே ஊறு. காற்று வடிகட்டியை எளிதில் கழற்றும் அமைப்பிருந்து, கையேடும் தடை கூறாவிடில், அதனையும் மாற்றலாம். இவற்றைத் தவறாமல் செய்பவர், பணிமனைக்குச் செல்வதற்கு முன்னரே தம் வண்டியின் குறையை அறிந்திருப்பார்.

எஞ்சின் எண்ணெய் மாற்றுவது கடினமான வேலையன்று. ஆயினும் உத்தரவாதம் முடியும்வரை அதனைப் பணிமனைக்கே விடுவது நன்று. சேமிப்பது சில ஆயிரம். எஞ்சினில் பழுது நேர்ந்து ஐயம் எழுந்தால் இழப்பது பல இலட்சம். பிரேக்கும், காற்றுப்பையும், மின்கம்பிகளும் எக்காலத்தும் பயிற்சி பெற்றோருக்கே உரியவை. கலப்பு எரிபொருள் வண்டியிலும் மின்வண்டியிலும் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் ஓடுகின்றது. அவற்றைத் தொடுதல் கூடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைவதும் அவ்வாறே விலக்கத்தக்கது.

பிரேக் எண்ணெயைப் பற்றி ஒரு சொல். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல ஈர்க்கும் தன்மையது. ஈரம் மிகுந்தால் அதன் கொதிநிலை தாழும். மைசூரிலிருந்து சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலம் செல்வோர் திம்பம் மலையில் 27 கொண்டையூசி வளைவுகளில் இறங்குகின்றனர். அங்கே பிரேக்கை ஓயாது மிதித்தால் சூட்டினால் எண்ணெய் கொதித்துக் குமிழியிடும், மிதி தரைவரை தாழும், வண்டி நிற்காது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குழந்தைகளோடு அவ்வழியே ஊருக்குச் செல்லும் நம்மவர், பெரும்பாலான நிறுவனங்கள் ஈராண்டுக்கொருமுறை என்று குறிக்கும் அவ்வெண்ணெய் மாற்றத்தைச் செலவென்று தள்ளிப் போடலாகாது. இறக்கத்தில் தாழ்ந்த கியரிலேயே இறங்குவதும் நினைவிலிருக்கட்டும்.

பணிமனைக்குச் செல்வதென்றால் கண்ணை மூடிக்கொண்டு செல்வதென்று பொருளன்று. கையேட்டில் அந்தக் கிலோமீட்டருக்கு என்னென்ன வேலை குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் படித்துவிட்டே செல்க. எஞ்சின் உள்கழுவல், புகைக்கரி நீக்கம், உட்புற நறுமணம், மேற்பூச்சு என்று பட்டியல் நீண்டால், "இது கையேட்டில் எந்தப் பக்கத்தில் உள்ளது?" என்று பணிவோடு கேட்க. மதிப்பீட்டை எழுத்தில் பெறுக. கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்க. மைசூரில் பணிமனை இல்லாத நிறுவனத்தின் வண்டியாயின் பெங்களூர் செல்ல ஒரு நாள் ஆகும். ஆகவே நிறுவனம் அறிவித்த திருத்தங்களும் மென்பொருள் மாற்றங்களும் நிலுவையில் உள்ளனவா என்று முன்னரே கேட்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக் கொள்க. பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கட்டணமின்றிச் சீர்செய்வதற்கு நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் விதிகளே உள்ளன.

இனி, நம் இளைஞருக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்று மாலையே பெரியவரும் நாமும் அவரோடு அமர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். அதில் சினம் இல்லை. வடிகட்டி வாங்கிய நாள், ரசீது எண், மாற்றியபோது எடுத்த புகைப்படம், இதுவரை தவறாது நடந்த பராமரிப்புகள் ஆகியவற்றைக் குறித்து, மூன்றே வினாக்களை எழுப்பினோம். உத்தரவாத நிபந்தனையில் எந்தப் பிரிவின்படி மறுக்கின்றீர்கள்? வடிகட்டிக்கும் திரைக்கும் என்ன தொடர்பு கண்டீர்கள்? அதனை எழுத்தில் தருவீர்களா? படிகளைப் பணிமனைக்கும் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திற்கும் அனுப்பினோம். பத்து நாள் கழித்து அழைப்பு வந்தது. கழற்றிச் சோதித்ததில் குறை திரையின் உள்ளேயே இருந்ததாம்; கட்டணமின்றி மாற்றித் தந்தனர்.

மறுத்திருந்தால்? நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. அதனாலும் தீராவிடில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செலுத்திய விலை 50 இலட்சம் ரூபாய் வரையெனில் மாவட்ட ஆணையத்திலும், அதற்கு மேல் 2 கோடி வரையெனில் மாநில ஆணையத்திலும் முறையிடலாம். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடவும் இடமுண்டு. குறை எழுந்த ஈராண்டிற்குள் முறையிடுதல் வேண்டும். எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது தாள்களே.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, கன்னடம் சரளமாக வராத தொடக்க நாட்களில், எதிரே இருப்பவர் உரத்துச் சொன்னதையே முடிவென்று ஏற்றுத் திரும்பும் இயல்பு படிந்துவிடுகின்றது. அதை விட்டொழிக்க வேண்டும். சினமின்றி, "எழுதித் தாருங்கள்" என்று கேட்கும் பழக்கம் காருக்கு மட்டுமன்று, வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் பயன்படும்.

அன்பர்கள் இவ்வாரமே ஒரு கோப்பு வாங்கி, வண்டியின் கையேடு, உத்தரவாதத் தாள், பராமரிப்பு ரசீதுகள், தாமே செய்த வேலைகளின் நாட்குறிப்பு ஆகியவற்றை ஒன்றாக வைப்பார்களாக. திருப்புளியைக் கையில் எடுக்குமுன் கையேட்டைத் திறப்பார்களாக. ஐயம் எழுந்தால் நம் பெரியவர் ஞாயிறுதோறும் மாலையில் சங்கத்திற்கு வருகின்றார், அவரைக் கேட்கலாம். அடுத்த திங்கள் வேறொரு பொருளோடு சந்திப்போம்.