ஆன்டிபயாடிக்கும் பிளட் கேன்சரும்



'பிளட் கேன்சருக்குச் சாதாரண ஆன்டிபயாடிக்கே போதும், டாக்டர்கள் சொல்ல மாட்டார்கள்' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால் என்ன செய்வீர்கள்? அழித்துவிடுவீர்கள். நல்லது. ஆனால் இந்த மாதிரிப் பேச்சுக்குப் பின்னால் நிஜமான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

கனடாவின் டொரான்டோவில் பிரின்சஸ் மார்கரெட் என்ற பெரிய கேன்சர் மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஆரோன் ஷிம்மர் என்ற ரத்தநோய் நிபுணரின் குழு, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் மருந்துகளை, முக்கியமாகக் கிருமிகளுக்கு எதிரானவற்றை, ஒவ்வொன்றாக, பிளட் கேன்சர் வகையான லுகேமியாவின் செல்கள்மேல் சோதித்துப் பார்த்தது. அதில் தேறியது டைஜிசைக்ளின். 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. மாத்திரை கிடையாது, டிரிப்ஸில்தான் ஏற்றுவார்கள். ஐசியூ வாசலில் காத்துக் கிடந்தவர்கள் பில்லில் இந்தப் பெயரைப் பார்த்திருக்கக்கூடும்.  

2011-ல் அந்தக் குழு தன் முடிவை வெளியிட்டது. ஏஎம்எல் எனப்படும் தீவிர லுகேமியாவின் செல்களை இந்த மருந்து கொன்றது. நல்ல ரத்த செல்களை அவ்வளவாகத் தொடவில்லை.

கிருமியைக் கொல்லும் மருந்துக்கு நம் செல்லுக்குள் என்ன வேலை?

இங்கேதான் மைட்டோகாண்ட்ரியா வருகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று மூச்சுவிடாமல் சொல்லும். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அது தனியே திரிந்த ஒரு பாக்டீரியா. வாடகைக்கு வந்தவர் வீட்டு மனிதராகவே ஆகிவிட்ட மாதிரி, நம் செல்லுக்குள் குடியேறித் தங்கிவிட்டது. லின் மார்குலிஸ் 1967-ல் இதை எழுதியபோது பலர் ஏற்கவில்லை. இன்று அதுவே பாடம். இத்தனை காலத்துக்குப் பிறகும் பழைய பழக்கம் போகவில்லை. தனக்கு வேண்டிய 13 புரதங்களை அது தானே தயாரிக்கிறது, அதுவும் பாக்டீரியா பாணி இயந்திரத்தில். பாக்டீரியாவின் அந்த இயந்திரத்தை நிறுத்தத்தானே டைஜிசைக்ளின்? இங்கேயும் நிறுத்துகிறது. ஏஎம்எல் செல்கள் மைட்டோகாண்ட்ரியாவையே அதிகம் நம்பிப் பிழைப்பதால், அடி அவற்றுக்குத்தான் பலமாக விழுகிறது.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் நோயாளிகளிடம் என்ன ஆனது?

மற்ற சிகிச்சைகள் கைவிட்ட 27 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2016-ல் வந்தது. ஒருவருக்கும் நோய் குறிப்பிடும்படி அடங்கவில்லை. மருந்து ரத்தத்தில் போதிய நேரம் தங்கவில்லை என்பது ஒரு காரணம். அளவைக் கூட்டலாம் என்றால் குமட்டல், வாந்தி.

இதோடு கதை முடியவில்லை. சிஎம்எல் என்ற இன்னொரு வகை லுகேமியா நோயாளிகளில் பலர் தினமும் இமாடினிப் என்ற மாத்திரை சாப்பிடுவார்கள். நோய் அடங்கும், ஆனால் நோயின் வேர் செல்கள் (ஸ்டெம் செல்கள்) ஒளிந்திருக்கும். அதனால்தான் பலருக்கு வருடக்கணக்கில் மாத்திரை. 2017-ல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் இமாடினிப்புடன் டைஜிசைக்ளினைச் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தபோது அந்த வேர் செல்களும் பெருமளவு அழிந்தன. எலிகளில்தான், மனிதரில் அல்ல. என்னைக் கேட்டால், நம்பிக்கை வைக்க இது போதும். மருந்துக் கடைக்கு ஓட இது போதாது.

கடைக்கு ஓடாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் டைபாய்டுக்குக் குளோராம்பெனிகால் கொடுப்பார்களே, நினைவிருக்கிறதா? அதுவும் மைட்டோகாண்ட்ரியாவின் இதே இயந்திரத்தில் கை வைப்பதுதான். அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையே சோர்ந்துபோய் ரத்த அணுக்கள் குறைந்துவிடும். ஆக, இது இருபக்கமும் வெட்டக்கூடிய கத்தி.

லுகேமியா நோயாளி இருக்கும் வீட்டில் ஆன்டிபயாடிக் இன்று செய்யும் வேலை வேறு. கீமோ முடிந்த நாட்களில் வெள்ளையணு அடிமட்டத்துக்குப் போய்விடும். அப்போது சாதாரணக் கிருமிகூட உயிருக்கு உலை வைக்கும். அந்த நேரம் கைகொடுப்பவை இந்த மருந்துகள்தான். சளிக்கும் இருமலுக்கும் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கி, கிருமிகளை நாமே மருந்துக்குப் பழக்கிவிட்டால், நாளைக்கு அந்த நோயாளிக்கு எதை ஏற்றுவார்கள்? மருந்து அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டில்லாமல் கேட்காதீர்கள்.

கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி என்றாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று டப்பாவில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அந்த அட்டையையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். டியூட்டி டாக்டர் திட்டுவார். திட்டட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்