இறக்கை இல்லாத ஈயும் நம்ம குடலும்

உங்க வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு ஆள் நிச்சயம் இருப்பார். ஒரே மெசேஜை நாற்பது தடவை ஃபார்வேர்ட் பண்ணுவார். அட்மின் உஷாரா இருந்தால் ஒவ்வொன்றையும் டெலிட் செய்து காப்பாற்றிவிடுவார். அந்த அட்மினே குரூப்பை விட்டுப் போயிட்டா? பெருங்குடல் புற்றுநோய் ஆரம்பிப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான்!

அந்த 'மெசேஜ்' கதை ஆரம்பிச்சது நம்ம டெல்லியில். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பழ ஈக்களை ஆராய்ந்த ஆர்.பி.சர்மா, சில ஈக்களுக்கு இறக்கையே முளைக்காததைக் கவனித்தார். 1973-ல் அந்த மரபணுக் கோளாறுக்கு 'விங்லெஸ்' என்று பெயர் வைத்தார். 1982-ல் அமெரிக்காவில் ரோல் நுஸ்ஸே, ஹரால்ட் வார்மஸ் இருவரும் எலிகளின் மார்பகப் புற்றுநோயில் 'இன்ட்-1' என்ற ஜீனைப் பிடித்தார்கள். 1987-ல் பார்த்தால், ரெண்டும் ஒரே ஜீன்! இரண்டு பேரையும் சேர்த்துப் பிறந்ததுதான் 'விண்ட்'. ஒரு செல்லிலிருந்து கிளம்பி, பக்கத்து செல்லிடம் 'பெருகு' என்று சொல்லும் சிக்னல் புரதம்.

இது வில்லன் இல்லை. பெருங்குடலின் உள்சுவர் செல்கள் நாலைந்து நாளில் உதிர்ந்து, புதுசு வந்தாகணும். அதுக்கு விண்ட் சிக்னல் வேணும். செல்லுக்குள் இந்தத் தகவலைச் சுமக்கும் தபால்காரர் பீட்டா கேட்டனின் என்ற புரதம். சிக்னல் இல்லாத நேரத்தில் பீட்டா கேட்டனினை அழிக்கும் கூட்டணியில் முக்கியமான ஆள், ஏ.பி.சி. என்ற புரதம். அதாங்க, நம்ம அட்மின்!

1991-ல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த ஏ.பி.சி. ஜீன், பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் பழுதாகியிருக்கிறது. அட்மின் அவுட் ஆனதும் பீட்டா கேட்டனின் குவிந்து, செல்லின் உட்கருவுக்குள் போய் 'பெருகு, பெருகு' என்று கத்திக்கொண்டே இருக்கும். அனுப்பினவரே இல்லாத மெசேஜ்! விளைவு, பாலிப் என்கிற சின்னக் கட்டி.

அடுத்து 'கேராஸ்' என்ற புரதம். ஆன், ஆஃப் ஆகவேண்டிய இந்த சுவிட்ச், சுமார் 40 சதவீத நோயாளிகளின் கட்டிகளில் ஆனிலேயே ஒட்டிக்கொள்கிறது. 'நிறுத்து' என்று சொல்லும் டி.ஜி.எஃப். பீட்டா சிக்னலும் பல கட்டிகளில் காதில் ஏறுவதில்லை. பிறகு கட்டி 'வி.ஈ.ஜி.எஃப்.' என்ற புரதத்தை அனுப்பி புது ரத்தக் குழாய்களை வரவழைக்கும். பக்கத்து செல்களோடு இருந்த ஒட்டு விட்டுப்போனதும், செல்கள் ரத்தத்தில் ஏறிப் பயணம். குடலின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போவதால், பெரும்பாலும் முதல் ஸ்டாப்பிங் அங்கேதான்.

சிக்னல் தெரிந்தால் மருந்தும் புத்திசாலித்தனமாகக் கொடுக்கலாம். செல்லின் வாசலில் வரும் சிக்னலைத் தடுக்கும் 'செட்டுக்சிமாப்' 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் உள்ளே கேராஸ் சுவிட்ச் ஒட்டிக்கிட்டவங்களுக்கு அது வேலை செய்யாது. வாசல்ல பெல் அடிக்கிறவனைத் தடுத்து என்ன புண்ணியம், வீட்டுக்குள்ளேயே கூச்சல் போட்டா? அதனால், இப்போது ஜீன் டெஸ்ட் பார்த்துவிட்டுத்தான் அந்த மருந்து. 2025 ஜனவரியில், கேராஸின் ஒரு குறிப்பிட்ட கோளாறைத் தாக்கும் 'சோட்டோராசிப்', இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்க அங்கே அனுமதிக்கப்பட்டது.

'இதெல்லாம் தாத்தாக்கள் மேட்டர்' என்கிறீர்களா? ஏ.பி.சி. கோளாறு பரம்பரையாக வந்தால், டீன் ஏஜிலேயே நூற்றுக்கணக்கில் பாலிப் முளைக்கும். கவனிக்காமல் விட்டால், 40 வயதுக்குள் பெரும்பாலும் புற்றுநோய்தான். மற்றவர்களுக்கு பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருஷம் போல ஆகும். அதற்குள் கொலோனோஸ்கோபியில் பார்த்து வெட்டி எடுத்துவிட்டால் பிரச்னை அங்கேயே க்ளோஸ்!

மலத்தில் ரத்தம், திடீரென்று மாறின டாய்லெட் பழக்கம், காரணமில்லாமல் எடை குறைவது... 'மூலமாத்தான் இருக்கும்'னு நீங்களே முடிவு பண்ணி, மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கி மறைக்காதீங்க. பெரும்பாலும் அது சாதாரண விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்க. வெட்கப்பட ஒண்ணுமில்லை. உடம்பு அனுப்பும் சிக்னலை மட்டும் ம்யூட்டில் போட்டுடாதீங்க, ப்ளீஸ்!