வலியைச் சொல்லத் தெரிய வேண்டும்

நாற்பதைத் தாண்டிய நம்மவர் இருவர் சந்தித்தால், பிள்ளைகளின் படிப்புக்கு அடுத்தபடியாகப் பேச்சு முதுகுவலிக்கு வந்துவிடுகிறது. "டிஸ்க் விலகிவிட்டதாம்" என்பார் ஒருவர். "உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள்" என்பார் மற்றவர். படம் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு என்பது என் கருத்து. வலியை மருத்துவரிடம் முழுமையாகச் சொல்வதுதான் அது.

நம் முதுகெலும்புகளுக்கு இடையே 23 ஜவ்வு வட்டுகள் உள்ளன. வெளியே உறுதியான நார் வளையம். உள்ளே குழைவான பொருள். ரயில் பெட்டியின் ஸ்பிரிங்கைப் போல அதிர்ச்சியைத் தாங்குவது இவற்றின் வேலை. வளையம் கிழிந்து உள்ளிருப்பது பிதுங்கி நரம்பை உறுத்தினால், இடுப்பிலிருந்து பிட்டம், தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே பாதம் வரை வலி சுரீரென்று இறங்கும். இருமினாலும் தும்மினாலும் கூடும். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளில்தான் இது நேர்கிறது. நாமோ வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம்.

அனுபவமுள்ள மருத்துவர் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பார். 30 முதல் 70 டிகிரிக்குள் வலி காலில் இறங்கினால் வட்டின் மேல் சந்தேகம் வரும். கால் கட்டைவிரலை மேலே தூக்கப் பலம் இருக்கிறதா, நுனிக்காலில் நிற்க முடிகிறதா, எந்த இடம் மரத்திருக்கிறது என்பதைக் கொண்டே எந்த நரம்பு என்று ஓரளவு கணித்துவிடுவார்.

சாதாரண எக்ஸ்ரேயில் வட்டு தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஆனால் தெரிவதெல்லாம் நோயல்ல. 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு வட்டு புடைத்திருந்தது! தண்டவாளத்தை அல்ட்ராசோனிக் கருவியால் சோதிக்கும்போது போல்ட் துளைகூட எதிரொலி தரும். அதற்காகத் தண்டவாளத்தை மாற்றுவதில்லை. படமும் நோயாளி சொல்வதும் பொருந்தினால்தான் கணிப்பு சரி.

இங்கேதான் வெளியூர்த் தமிழர்களான நமக்குச் சங்கடம். குடைச்சல், கடுப்பு, இழுப்பு, மரமரப்பு என்று வகைவகையாகச் சொல்லத் தெரிந்த நம் வீட்டுப் பெண்மணி, டாக்டர் முன்னால் "கமர் மே தர்த்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மீதியை மகன் இந்தியில் சொல்கிறான். சிறுநீர் கழிப்பதில் உள்ள தொல்லையை மகனிடம் எப்படிச் சொல்வார்?

சொல்லக் கூசும் அந்தச் செய்திதான் மிக முக்கியமானது. சிறுநீர் வராமல் நிற்பது, தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ கழிவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போவது, கால்களில் பலம் குறைந்துகொண்டே வருவது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடக் கூடும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கீழே விழுந்த அடி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது. இவை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அறுவை சிகிச்சையின்றியே குறைந்துவிடும்; நாள்கணக்கில் படுத்தே கிடக்கவும் தேவையில்லை.

ஆகவே அன்பர்களே, டாக்டரிடம் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வலி எப்போது தொடங்கியது, எதுவரை இறங்குகிறது, எங்கே மரத்திருக்கிறது, எப்போது கூடுகிறது, சிறுநீர், மலம் எப்படி என்று. இந்தி நன்றாகத் தெரிந்த நம் சங்கத்துச் சகோதரிகள் சிலர் முதிய பெண்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குச் சென்றுவர முன்வந்தால், ஆண்டுவிழாவைவிடப் பெரிய தொண்டு அது.