விதை நெல்லைக் காத்த தேசம்

கஷ்ட காலத்தில் எந்தச் செலவை முதலில் குறைப்பது என்பது நம் வீடுகளில் அடிக்கடி எழுகிற கேள்வி. தேசங்களுக்கும் அந்தக் கேள்வி எழுவதுண்டு. ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்து அதற்கு அளித்த விடை நேயர்கள் அறியத் தக்கது.

நெடுங்காலம் ஸ்வீடனுக்கும், 1809 முதல் ருஷ்யச் சக்கரவர்த்திக்கும் அடங்கியிருந்து, 1917-ல் சுதந்திரம் பெற்ற தேசம் அது. ஜனத்தொகை அரைக் கோடிக்குச் சற்று அதிகம். நிலப்பரப்பில் நாலில் மூன்று பங்கு காடு.

1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அங்கே கடன் மலிந்தது. வீட்டு விலையும் பங்கு விலையும் விஷம்போல் ஏறின. 1991-ல் சோவியத் யூனியன் சிதறவே, பெரிய வாடிக்கைக்காரர் ஒருவர் திடீரென்று கணக்கை முடித்துக்கொண்டு போனாற்போல் ஆயிற்று. பாங்கிகள் தள்ளாடின, நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தது. மூன்றே ஆண்டுகளில் தேசத்தின் உற்பத்தி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. 1990-ல் நூற்றுக்குச் சுமார் 3 பேராக இருந்த வேலையில்லாதோர் தொகை, 1994-ல் 16-ஐத் தாண்டிவிட்டது.

சர்க்கார் செலவைச் சுருக்கிற்று. பள்ளிக்கூடங்கள்கூடத் தப்பவில்லை. ஆயினும் ஆராய்ச்சிக்குரிய பணத்தை மாத்திரம் வளர்த்தே வந்தார்கள். பஞ்ச காலத்தில் விதை நெல்லைக் குற்றித் தின்பவன் அடுத்த போகத்துக்கு எங்கே போவான்? 1983-ல் ஏற்பட்ட டெக்கெஸ் என்னும் ஸ்தாபனம், தொழிற்சாலைகளையும் சர்வகலாசாலைகளையும் சேர்ந்து உழைக்கச் செய்தது. 1996-ல், சர்க்காருக்குச் சொந்தமான தொழில்களின் பங்குகளை விற்று வந்த பணத்தில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கு ஒதுக்கத் தீர்மானித்தார்கள். தேசிய வருமானத்தில் நூற்றுக்குச் சுமார் 2 ஆக இருந்த ஆராய்ச்சிச் செலவு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 3-ஐத் தாண்டிற்று.

பலன் கிடைத்தது. 1865-ல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கி, பிற்காலத்தில் ரப்பர் பூட்ஸும் மின்சாரக் கம்பிகளும் செய்த நோக்கியா, 1998-ல் உலகிலேயே அதிகமாகக் கைப்பேசி விற்கும் கம்பெனியாயிற்று.

ஆனால் தனி மரம் தோப்பாகாது என்பதையும் அந்தத் தேசம் கற்க நேர்ந்தது. 2007-க்குப் பிறகு புதுவகைக் கைப்பேசிகள் வந்ததும் நோக்கியா சரிந்தது. 2014-ல் அதன் கைப்பேசித் தொழில் மைக்ரோஸாப்ட் வசமாயிற்று. எஞ்சினீயர்கள் பலர் வேலை இழந்தனர். எனினும் கம்பெனி கை மாறலாம். கற்ற வித்தை கை மாறுவதில்லை. அவர்களிற் சிலர் சிறு சிறு கம்பெனிகளைத் தொடங்கினர்.

காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்கு, வளர்வதற்கு மேல் வெட்டினால் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது தெரியும். கரியமில வாயுவை வெளிவிடும் எரிபொருள்களுக்கு உலகில் முதன்முதலாக வரி விதித்தது பின்லாந்துதான்; 1990-ல், இடர் தொடங்கிய அதே ஆண்டில். 2035-க்குள், வெளிவிடும் வாயுவும் காடு முதலியவை உட்கொள்ளும் வாயுவும் சரிக்குச் சரியாக வேண்டுமென்று 2022-ல் சட்டமும் செய்தார்கள்.

எல்லாம் சுபமாய் முடிந்தது என்று சொல்வதற்கில்லை. வேலையில்லாமை 1990-ன் நிலைக்கு மீண்டும் இறங்கவே இல்லை. இயந்திரங்களும் கல்வியும் மாறியபோது, பழைய தொழிலாளர் பலர் வெளியிலேயே நின்றுவிட்டனர். ஆகவே, அறிவினால் மீள நினைக்கும் தேசம் இளைஞருக்குச் சர்வகலாசாலை கட்டினால் மட்டும் போதாது. வேலை இழந்த ஐம்பது வயதுக்காரருக்கும் அங்கே ஓர் ஆசனம் போட வேண்டும்.