வில்லுக்கு முன்னால் ஓர் அச்சு

வளைந்த பொருள் ஒன்று வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடிப் போகலாம். இல்லையென்றால், நேராக இருக்கும் மரத்தை நமக்கு வேண்டிய வளைவுக்குக் கொண்டுவரலாம்.

முதல் வழி நம் ஊர் ஆசாரிகளுக்கு அத்துப்படி. கலப்பைக்குக் கட்டை தேடும்போது இயற்கையாகவே வளைந்த மரத்தைத்தான் அவர்கள் கண்கள் தேடும். நேர்ப்பலகையில் வளைவாக அறுத்து எடுத்தால் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டுவிடும். கனம் ஏறும் நாளில் சரியாக அந்த இடத்தில்தான் பிளக்கும்.

புதுக்கோட்டை என்றதும் வளரி நினைவுக்கு வராமல் இருக்காது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பில், புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திவான் எழுதிய வளரி வர்ணனை இருக்கிறது. வைரம் பாய்ந்த மரம், பிறை வடிவம், ஒரு முனை கனம், வெளி விளிம்பு கூர்மை. சில சமயம் இரும்பிலும் செய்வார்களாம். வளரி வீசுவதற்கு, அது வளைந்து கொடுக்கக் கூடாது. வில்லோ வளைந்து கொடுப்பதற்காகவே பிறந்தது. இழுக்கும் ஒவ்வொரு முறையும் வளைய வேண்டும், விட்டவுடன் பழைய வடிவத்துக்கே திரும்ப வேண்டும். ஆயிரம் முறை இழுத்தாலும் அப்படித்தான்.

அதனால்தான் இன்றைய வில் இரண்டாவது வழிக்குப் போனது. மெல்லிய மரப்பட்டைகளையும் கண்ணாடி இழைப் பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஓர் அச்சின்மேல் அழுத்தி வளைத்து எடுப்பது. இந்த வாரம் அந்த அச்சைப் பற்றித்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

வீட்டில் இருக்கும் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளையும். ஓரத்தைக் கவனித்தால், தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் படி படியாக நிற்பது தெரியும். வளைத்த நிலையிலேயே அந்த ஓரத்தை இரண்டு கிளிப் போட்டு இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். புத்தகம் பழையபடி நேராக மறுக்கும். வழுக்க முடியாத தாள்கள் வளைவைப் பிடித்துக்கொண்டன.

வில்லில் கிளிப்புக்குப் பதில் பசை. நான்கு பட்டைகளைச் சும்மா அடுக்கி வைத்தால் அவற்றின் விறைப்பு ஒரு பட்டையைப் போல நான்கு மடங்குதான். அதே நான்கையும் ஒட்டிவிட்டால் அறுபத்து நான்கு மடங்கு, அவ்வளவுதான் வித்தை. தனித்தனியாக இருக்கும்போது சொன்னபடி கேட்கும். ஒட்டிய பிறகு அசையாது. அந்தப் பசை காய்கிற சில மணி நேரத்தில் பட்டைகள் எந்த வடிவத்தில் இருக்கின்றனவோ, அதுதான் வில்லின் ஆயுள் முழுவதற்குமான வடிவம். அந்த நேரம் முழுக்க அவற்றைப் பிடித்து வைத்திருப்பது அச்சு.

கண்ணாடி இழைக்கு என்ன வேலை?

வில் வளையும்போது அதன் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நசுங்குகிறது. நடுவில் இருக்கும் பகுதிக்கு அவ்வளவு சிரமமில்லை. பழைய காலத்து மத்திய ஆசிய, துருக்கிய வில் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நடுவில் மரம், உள்பக்கம் விலங்கின் கொம்பு, வெளிப்பக்கம் தசைநார் என்று ஒட்டினார்கள். நசுங்குவதைக் கொம்பு தாங்கும், இழுபடுவதை நார் தாங்கும்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபிரெட் பேர் போன்றவர்கள் அந்த இரண்டு இடத்திலும் கண்ணாடி இழையை வைத்தார்கள். கொம்புக்கும் நாருக்கும் மாதக்கணக்கில் காயவைக்கும் வேலை உண்டு. கண்ணாடி இழைக்கு அது இல்லை; மழைக்காலத்து ஈரமும் அதை ஒன்றும் செய்யாது.

நம் மாவட்டத்தில் கண்ணாடி இழை புதிய பொருள் அல்ல. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போனால் கரையில் நிற்பதில் பல ஃபைபர் படகுகள்தான். அங்கேயும் அச்சுதான் தாய். அச்சின் உள்பக்கம் மெழுகு தேய்த்து, மேல்பூச்சு பூசி, கண்ணாடி இழை விரிப்பை வைத்து ரெசினில் நனைத்து, காய்ந்ததும் படகைக் கழற்றுவார்கள். அச்சில் ஒரு மேடு இருந்தால் அதிலிருந்து வரும் அத்தனை படகிலும் அதே இடத்தில் பள்ளம் இருக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம். படகு விரிப்பில் இழைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும். படகை அலை எந்தப் பக்கமிருந்தும் அடிக்கும் என்பதால் அதுதான் சரி. வில்லுக்கு வேண்டியது நீளவாக்கில் மட்டும் ஓடும் இழைகள். சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்தில், நாடாபோலப் பட்டையாகவே இது கிடைக்கிறது. படகுக்கு வாங்கிய விரிப்பில் மிச்சம் இருக்கிறதே என்று வில்லில் ஒட்டாதீர்கள். கன்னத்தருகே இழுத்துப் பிடிக்கும் பொருள் அது.

அச்சு பிறக்கும் விதம்

வில்லில் கைப்பிடிக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. இரண்டும் அண்ணன் தம்பி போல இருந்தால் போதாது, இரட்டைப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். ஒரு கை விறைப்பாகவும் மற்றது தளர்வாகவும் இருந்தால் அம்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும்.

எனவே முழு வில்லின் வளைவையும் பலகையில் ஒரே மூச்சில் வரையக் கூடாது. பாதி வளைவை மட்டும் ஹார்டுபோர்டில் வரைந்து, வெட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். விரல் நுனியை மெதுவாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத மேடும் தட்டுப்படும். இந்தப் பாதித் தகட்டைப் பலகையில் வைத்து நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் வரையுங்கள். பிறகு அப்படியே திருப்பிப் போட்டு மறுபக்கம் வரையுங்கள். திருவிழாத் தோரணத்துக்குத் தாளை மடித்து வெட்டுகிற அதே கணக்கு.

அச்சுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் நல்லது. மூன்றை ஒட்டினால் 54 மில்லிமீட்டர், ஏறக்குறைய இரண்டு அங்குல அகலம். ஐந்தரை அடி வில்லுக்கு ஆறடி நீளம் இருந்தால் வசதி. முதல் பலகையை மட்டும் கவனமாக வளைவுக்கு அறுத்துத் தேய்த்து முடியுங்கள். இரண்டாவது பலகையைச் சற்றே பெரிதாக அறுத்து அதன்மேல் ஒட்டி, முதல் பலகையைத் தொட்டு ஓடும் சக்கரம் வைத்த ரூட்டர் மெஷினால் சமப்படுத்துங்கள். மூன்றாவதற்கும் அப்படியே. இழைப்புளியால் மூன்றையும் சேர்த்து இழைக்கப் போனால் வளைவு கைக்குக் கை மாறும்.

அடுத்தது மூலைமட்டம். அச்சின் மேல்பரப்பு பக்கவாட்டுக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்கிறதா என்று ஒவ்வொரு சாணுக்கும் வைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் சரிந்திருந்தால்கூட வில்லின் கை முறுக்கிக்கொள்ளும். பிறகு நாண் நடுவில் நிற்காது, ஓரத்துக்கு ஓடும். அதை வில்லில் திருத்துவது பெரும்பாடு. அச்சில் திருத்துவது அரை மணி நேர வேலை.

கடைசியாக, அச்சின் மேல் செலோடேப் ஒட்டி மெழுகு தேயுங்கள். இல்லாவிட்டால் வில்லும் அச்சும் ஒரே பொருளாகிவிடும்.

ஒட்டும் நாள்

நடுவில் வைக்கும் மரத்துக்கு வெளிநாட்டில் மேப்பிள் மரம் விருப்பம். மூங்கில் பட்டையும் உலகெங்கும் பெயர் வாங்கியது. பட்டைகள் கைப்பிடிப் பக்கம் தடித்து, நுனிப் பக்கம் மெலிந்து போக வேண்டும். கனத்தில் அலட்சியம் வேண்டாம். வில்லின் விறைப்பு கனத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். பத்தில் ஒரு பங்கு கனம் கூடினால் விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மேல் கையிலும் கீழ்க் கையிலும் அளந்து எழுதி வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

பசை எப்பாக்ஸி. கலந்தபின் அது காத்திருக்காது. அதனால் முதலில் பசை இல்லாமல் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். நடுக்கோட்டில் பட்டைகளைப் பொருத்தி, சைக்கிள் டியூபை ஓர் அங்குல நாடாவாக வெட்டி, நடுவிலிருந்து இரு முனைக்கும் ஒரே இழுவையில் சுற்றிக்கொண்டே போக வேண்டும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பசை தனியாக நிற்கும். பின்னாளில் வில் விரியும் இடமும் அதுவே. நிறைய வில் செய்பவர்கள் அச்சுக்கு மேல்பாதியும் செய்து, இரண்டுக்கும் நடுவே தீயணைப்புக் குழாய் ஒன்றைப் படுக்கவைத்துக் காற்றடிப்பார்கள். காற்று எல்லா இடத்திலும் ஒரே அளவில் அழுத்தும்.

பசை டப்பாவில் எழுதியிருக்கும் சூட்டையும் நேரத்தையும் அப்படியே பின்பற்றுங்கள். சில பசைகளுக்குப் பெட்டிக்குள் பல்பு எரியவிட்டுச் சூடு ஏற்றுவது வழக்கம். உள்ளே வெப்பமானி இருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். புதுக்கோட்டைச் சித்திரை வெயில் போதாதா என்று கேட்பீர்கள். வெயில் ஏறும், இறங்கும், மேகம் மறைக்கும். பசைக்குச் சீரான சூடுதான் பிடிக்கும்.

யாருக்காக இவ்வளவும்?

ராஞ்சியில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளான தீபிகா குமாரி, வில் வாங்க வசதியில்லாமல் வீட்டில் செய்த மூங்கில் வில்லில் பழகியவர். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். நம் நாட்டில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று மூங்கில் வில்லுக்கே தனிப் பிரிவு உண்டு. 50 மீட்டர், 30 மீட்டர் தூரங்களில் எய்ய வேண்டும். அங்கிருந்து ஒலிம்பிக் வகை வில்லுக்கு மாறும்போதுதான் பிள்ளைகள் நிற்கிறார்கள். முழுச் சாமான்களோடு அதன் விலை லட்சத்தைத் தாண்டும்.

அச்சில் எடுத்த வில் அந்த ஒலிம்பிக் வில்லுக்குச் சமமாகாது. மூங்கில் பிரிவிலும் இதற்கு இடமில்லை. ஆனால் பயிற்சிக்கு நிற்கும். முக்கியமாக, ஒரு மாணவிக்கு இது கனமாக இருந்தால், அதே அச்சில் பட்டையை மட்டும் மெலிதாக்கி இன்னொன்று எடுக்கலாம். அவள் வளர்ந்தபின் மூன்றாவது. அச்சு அப்படியே சுவரோரம் நிற்கும். நம் மாவட்டத்தில் உள்ளூர்ப் பக்கம் மரவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கடற்கரைப் பக்கம் ரெசின் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும்.

சில எச்சரிக்கைகள். கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, தண்ணீர் நனைத்துத் தேயுங்கள். எப்பாக்ஸி தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், கையுறை அவசியம். புதிய வில்லை முதன்முதலில் கையால் இழுக்காதீர்கள். சுவரில் மாட்டி, கிணற்றுக் கப்பியில் கயிறு போட்டு, தள்ளி நின்று கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். அம்பு இல்லாமல் நாணை விடவே விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுவதும் வில்லுக்கே திரும்பி, வில் வெடிக்கும். பிள்ளைகள் தனியாகச் செய்யும் வேலை இது அல்ல.

ஆனால் முதல் படிக்குப் பெரியவர்களும் வேண்டாம், பணமும் வேண்டாம். பழைய செய்தித்தாள்களை ஆறடிக்கு ஒட்டி, நடுவில் மடித்து, பாதி வில்லை வரைந்து வெட்டிப் பிரித்துப் பாருங்கள். வளைவு கண்ணுக்குப் பிடிக்கும்வரை தாளை மாற்றுங்கள். பிளைவுட் வாங்கக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு.